மட்டக்களப்பில் செல்லாத பிராங்க், அறுகம்பையில் சென்ற கதை

வெளிநாட்டுக் குற்றிக் காசை, அதாவது நாணயத்தை, மட்டக்களப்பில் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான் ஏறிய வங்கிகளில் தாள் என்றால் முகம் மலர்கிறது, குற்றி என்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலை ஆடுகிறது. எங்கே மாறும், எங்கே மாறாது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இடையில் தயிர் வந்து குழப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசு சூரிச்சில் இருக்கும் சித்தியின் உபயம். விமான நிலையத்தில் ஒரு துணிப்பையை என் கையில் திணித்து, "ஊரில் மாற்றிச் செலவழி" என்றார். சுவிஸ் நாட்டு ஐந்து பிராங்க் குற்றிகள் ஆறு, ஒன்றும் இரண்டுமாக 24 யூரோ, அடியில் ஒரு பிடி செம்பு நிறச் சதம். எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்கு மேல் வரும். நம் ஊரில் குற்றி என்றால் பிச்சைக்கும் பஸ் மிச்சத்துக்கும்தான். சுவிஸில் மிகச் சிறிய தாளே 10 பிராங்க், யூரோவில் 5. அதற்குக் கீழே உள்ள மிச்சமெல்லாம் குற்றியாகவே வருவதால் அங்குள்ளவர்கள் வீட்டில் இப்படிப் பை பையாகச் சேர்கிறது.

திருமலை வீதி வங்கியொன்றில் இருந்த அலுவலர் மட்டும் பொறுமையாகக் காரணம் சொன்னார். தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொழும்புக்கு அனுப்பி விற்றுவிடலாம், குற்றியை அனுப்பினால் அங்கே வாங்க ஆளில்லை. சரிதான். இரண்டு யூரோக் குற்றி ஒன்று 8.5 கிராம். 200 யூரோவைக் குற்றியாகக் கட்டினால் 850 கிராம், தாளாக என்றால் ஒன்றே ஒன்று. யார் சுமப்பார்கள்? காத்தான்குடியில் நாணய மாற்றுக் கடைக்காரரும் பையை எட்டிப் பார்த்து, "தம்பி, பாரிஸுக்குப் போகிற யாரிடமாவது கொடுங்கள்" என்றார். கல்முனையில் கேட்டதும் அதே பாட்டுத்தான்.

அறுகம்பைக்குப் போகிற வழியில் கல்முனையில் பஸ் மாறியதில் நடந்த ஒரே நல்ல காரியம் சாப்பாடு. சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சிறிய கடை. ஆவி பறக்கும் புட்டு, விரலில் ஒட்டும் நண்டுக் கறி, பிறகு மண்சட்டியில் எருமைத் தயிர். கரண்டியை நட்டால் நிற்கும். அதன்மேல் கித்துள் பாணியை ஊற்றித் தந்தார்கள். ஒரு சட்டியோடு எழும்பியிருக்கலாம், இன்னொன்றும் கேட்டேன். அன்றைய செலவுக் கணக்கு அங்கேயே உடைந்தது, கவலைப்படவில்லை. கொழும்பில் தயிர் என்று விற்பதை இனி நான் தொடப்போவதில்லை.

கவலை அக்கரைப்பற்றில் ஏறிய பஸ்ஸில் தொடங்கியது. யன்னல் பாதியில் இறுகிக் கிடந்தது. என் காதுக்கு நேர்மேலே ஒலிபெருக்கி. திருக்கோவில், கோமாரி என்று ஒவ்வொரு சந்தியிலும் நெல் மூட்டை ஏற்ற நிறுத்தினார்கள். நடத்துநர் மிச்சக் காசு தரவே இல்லை, "பொத்துவிலில் தருகிறேன்" என்றார். பொத்துவிலில் அவரைக் காணவில்லை.

அங்கே நின்ற ஓட்டோக்காரரோ அறுகம்பைவரை மூன்று கிலோமீற்றர் தூரத்துக்கு 1,000 ரூபாய் கேட்டார். தமிழில் பேசியும் விலை இறங்கவில்லை, தோள்பையைப் பார்த்தே தீர்மானித்துவிட்டார் போலும். குற்றியைப் பற்றிப் பேச்செடுத்ததும், "அது செல்லாது அண்ணன், வேண்டுமானால் அந்தப் பெரிய சுவிஸ் காசு ஒன்றைத் தாருங்கள், கணக்கு முடிந்தது" என்றார். செல்லாத காசை எதற்குக் கேட்கிறார்? ஐந்து பிராங்க் எத்தனை ரூபாய் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்! 600 ரூபாய்க்குப் பேசி முடித்து ஏறினேன். அதுவும் அதிகம்தான்.

விடை அறுகம்பையில் இருந்தது. தங்கிய விடுதியை நடத்தும் நானாவிடம் புலம்பியபோது அவர் சிரித்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். அலைச்சறுக்க வருகிறவர்கள் விட்டுப்போன யூரோ, பவுண், ஆஸ்திரேலிய டொலர் எல்லாம் குவிந்து கிடந்தன. நாடு திரும்புகிறவர்களின் கையில் ரூபாய் மிஞ்சும்போது அவர்களுக்கே இவற்றைக் கொடுத்து மாற்றிக்கொள்வாராம். அன்றிரவு கட்டுநாயக்கவுக்குப் புறப்படவிருந்த சுவிஸ் இணையரை அவரே கூப்பிட்டுவிட்டார். மிஞ்சிய ரூபாயை ஊருக்குக் கொண்டுபோய் என்ன செய்வது என்று அவர்களுக்கும் தலைவலி. ஆறு குற்றிக்கு 10,000 ரூபாய் தந்தார்கள். கைபேசியில் பார்த்த விலையைவிடக் கொஞ்சம் குறைவு என்றாலும் மகிழ்ச்சியாக வாங்கினேன்.

யூரோவை நானாவே எடுத்துக்கொண்டார், ஒன்று 200 ரூபாய் வீதம். வங்கித் தாள் விலை 300-க்கு மேல் இருக்க இது அநியாயம் என்று முணுமுணுத்தேன்.

"அப்படியென்றால் வங்கிக்கே கொண்டுபோங்கள் தம்பி" என்றார்.

கொடுத்துவிட்டேன். ஆக, சித்திரை தொடக்கம் ஐப்பசி வரையான அலைப் பருவத்தில் அறுகம்பைக்குப் போகிறவர்கள் குற்றியோடு போகலாம், நாடு திரும்புகிற பயணியைத் தேடிப் பிடியுங்கள். செம்புச் சதத்தை மட்டும் நானாவும் தொடவில்லை. அவை சித்திக்கே திரும்பிப் போகும், அடுத்த மாதம் மச்சான் சூரிச்சுக்குப் புறப்படுகிறான்.