கெட்ட கனவை லினோவில் செதுக்கிய குளிர்கால விடுமுறை

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி மாலை, இலங்கைப் போரில் இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் அறிவித்துக்கொண்டு போனபோது எனக்கு எட்டு வயது. அன்றிரவு செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து கிழக்கே தென்மராட்சியை நோக்கி மழையில் நடந்த லட்சக்கணக்கான மக்களோடு எங்கள் குடும்பமும் நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தென்மராட்சியின் சாவகச்சேரி ஏறத்தாழ 15 கிலோமீற்றர்தான்; ஆனாலும் விடிந்த பின்னரும் பாலத்தைத் தாண்டாதவர்கள் இருந்தார்கள். அந்த இரவின் வரலாற்றை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, ரொறன்ரோவில், அது என் தூக்கத்துக்குள் வந்ததையும், ஒரு நத்தார் விடுமுறையில் அதை நான் எதிர்கொண்ட விதத்தையும், இதே நிலையில் இருக்கும் எவருக்காவது உதவக்கூடும் என்று எண்ணி எழுதுகிறேன்.

என் மகளுக்கு எட்டு வயது நிறைந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில், மழை விடாது பெய்த ஒரு வாரத்தில் கனவு தொடங்கியது. நான் பாலத்தின் நடுவில் நிற்கிறேன். முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு போகிற அத்தனை பேரும் முதுகைக் காட்டியபடி போகிறார்கள். அம்மாவின் சேலையை அடையாளம் கண்டு கூப்பிடுகிறேன்; தொண்டையிலிருந்து சத்தம் எழவில்லை. கடல்நீரேரியின் தண்ணீர் பாலத்துக்கு மேலே ஏறி, கணுக்காலை, முழங்காலைத் தொடுகிறது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விழித்த பிறகும் அந்தக் குளிர் காலில் நிற்கும். முதலில் எப்போதாவது வந்த கனவு, டிசெம்பர் பிறந்தபோது கிட்டத்தட்ட ஒவ்வொரு விடியற்காலையிலும் வந்தது. பகலிலும் அதன் மிச்சம் தொடர்ந்தது. தெருவைக் கடக்கும்போது மகளின் கையை நான் பிடித்த பிடியில் அவள் “நோகுது அம்மா” என்று கையை உருவிக்கொண்ட நாளில்தான் குடும்ப வைத்தியரிடம் போவதென்று தீர்மானித்தேன்.

அவர் என்னை ஓர் உளவளத்துணையாளரிடம் அனுப்பினார். ஏன் எப்போதும் விடியற்காலையில் வருகிறது என்ற என் கேள்விக்கு அந்தத் துணையாளர் தந்த விளக்கம் எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது. தெளிவான கனவுகள் பெரும்பாலும், மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் ஒரு தூக்க நிலையில் வருகின்றன. அந்த நிலை ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்துக்கு ஒரு தடவை திரும்பி வருகிறது. இரவின் பிற்பகுதியில் அதன் நீளம் கூடுகிறது. அந்த வேளையில் உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும். கனவுக்குப் பயந்து நான் நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்தது உதவாததற்கும் காரணம் இருந்தது. இழந்த கனவுத் தூக்கத்தை மூளை அடுத்த வாய்ப்பில் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். எனக்குள் ஏதோ உடைந்துவிட்டது என்று அஞ்சியிருந்த எனக்கு, இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று அறிந்ததே பாதி நிம்மதி.

அவர் பரிந்துரைத்த முறை கற்பனை ஒத்திகைச் சிகிச்சை எனப்படுவது. பாலியல் வன்முறைக்கு உள்ளாகி நெடுங்காலம் கெட்ட கனவுகளால் துன்புற்ற பெண்களிடம் பரி கிரகோவும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து, 2001 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். பலருக்குக் கனவுகள் குறைந்தன, தூக்கம் மேம்பட்டது. முறை எளியது. கனவை எழுத வேண்டும். பிறகு அதை நமக்கு விருப்பமான எந்த வகையிலேனும் மாற்ற வேண்டும். மாற்றிய வடிவத்தை ஒவ்வொரு நாளும் விழித்திருக்கும்போது பத்து இருபது நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மிகக் கொடிய கனவில் தொடங்காமல் சிறிய ஒன்றில் பழகிக்கொள்ளும்படியும் சொல்வார்கள். எனக்கு இருந்ததோ ஒரே கனவு. எழுத உட்கார்ந்தபோது வந்த வசனங்கள் அகதி விண்ணப்பத்துக்காகக் கொடுத்த வாக்குமூலத்தைப் போலவே இருந்தன: திகதி, இடம், நடந்தது. அந்த மொழியில் எதையும் மாற்ற எனக்குக் கை வரவில்லை. “வரைந்து பார்க்கலாமா?” என்று கேட்டேன். தாராளமாக, என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தில் லினோ அச்சு பழகியிருந்தேன். நத்தாருக்கும் புத்தாண்டுக்கும் இடையில் எங்கள் அலுவலகம் மூடியிருக்கும். பாடசாலையும் இரண்டு வாரம் விடுமுறை. ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடும் அந்த நாட்களில் சமையலறை மேசையின் ஒரு பாதியை எனக்கென்று ஒதுக்கிக்கொண்டேன்.

லினோ என்பது ஆளி விதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் சேர்த்துச் சணல் துணியின் மேல் படியச் செய்த தகடு. குளிரில் அது விறைத்துவிடும். வெட்டினால் உளி வழுக்கும், ஓரம் பொரிந்து உதிரும். வெப்பக் காற்று வரும் துவாரத்தின் மேல் சற்று நேரம் வைத்தெடுத்தால் இளகி, எண்ணெய் வாசம் எழும். அப்போது உளி தடையின்றி ஓடும். கூர்முனைக்கு முன்னால் மற்றக் கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. செதுக்கிய இடத்தில் மை படாது, அது தாளில் வெண்மையாக நிற்கும். செதுக்காத இடமெல்லாம் கறுப்பு. ஆகவே தகட்டைத் தொடும் முன்னர் படம் முழு இருட்டு. உளி போகும் ஒவ்வொரு கோடும் வெளிச்சம். இரவைச் செதுக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான கலை எனக்குத் தெரியாது. 1914 இல் போர்முனையில் மகனைப் பறிகொடுத்த ஜெர்மானிய ஓவியர் கேத்த கொல்விட்ஸ், போரையும் அதில் உறவுகளை இழந்தவர்களையும் பற்றிச் செய்த ஏழு மரச்செதுக்குப் படங்களில், அந்தப் பெருங்கறுப்புக்குள் முகங்களும் கைகளும் எவ்வளவு பேசுகின்றன என்பதைக் காணலாம். ஒன்ராறியோ ஓவியக் கூடத்தில் அவருடைய படைப்புகள் பல இருக்கின்றன. வாய்ப்புள்ளவர்கள் பார்க்க வேண்டும்.

முதல் தகட்டில் கனவை உள்ளபடியே செதுக்கத் தொடங்கினேன்: பாலம், முதுகுகள், தண்ணீர். அந்த இரவுகளில் கனவு தணியவில்லை. இன்னும் துலக்கமாக வந்தது. பயத்தைக் கலையாக்கினாலே அது கரைந்துவிடும் என்று பலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மாற்றம் ஏதும் இல்லாமல் திரும்பத் திரும்பச் செதுக்குவது, மனத்துக்கு அதே பாதையை இன்னொரு தடவை காட்டிக்கொடுப்பதுதான். மாற்ற வேண்டும் என்பது தெரிந்திருந்தது. எதைக் கொண்டு மாற்றுவது என்பதுதான் தெரியவில்லை. வானத்திலிருந்து ஒரு கை வந்து தூக்குவதாக வரைந்தால் என் மனம் அதை நம்பாது.

வழி அம்மாவிடமிருந்து வந்தது. அவர் மேசையின் மறுபாதியில் பயற்றம் பணியாரத்துக்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அந்த இரவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. தகட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “பாலம் இவ்வளவு அகலமில்லைப் பிள்ளை” என்றார். நான் உளியை வைத்துவிட்டேன். கேள்வி எதுவும் கேட்காமல் இருந்தேன். உருண்டை பிடித்தபடியே அவர் சொல்லிக்கொண்டு போனார். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைநீரை ஏந்தியது; அப்பா சைக்கிளில் இரண்டு மூட்டைகளையும் பாட்டியின் மருந்துப் பெட்டியையும் கட்டி உருட்டியது; முன்னால் போனவர்கள் நின்றால் எல்லோரும் நிற்க, அப்படி நின்ற நிலையிலேயே மணிக்கணக்கு கழிந்தது. பிறகு, நான் கேளாமலே, “உன்ர கையை நான் விடவேயில்லை. என்ர முந்தானையில முடிஞ்சு வைச்சிருந்தனான்” என்றார்.

அன்று மாலை பாரிஸில் இருக்கும் சின்னம்மாவுடன் பேசினேன். அவர் மறுத்தார். “முந்தானையோ? அது அப்பப்பாவின்ர சால்வையடி. சைக்கிள் கரியரில கட்டினது.” இருவரும் தத்தம் சொல்லில் உறுதியாக நின்றார்கள். எது சரி என்று தீர்த்துக்கொள்ள நான் முயலவில்லை. என் கனவில் அறுந்துகிடந்த கையை, நடந்ததை அறிந்த இருவரும் ஏதோ ஒரு துணியால் கட்டியிருந்தார்கள் என்பது எனக்குப் போதுமானது. சின்னம்மா இன்னொன்றும் சொன்னார்: அம்மம்மா ஜாம் போத்தல் விளக்கைக் கையில் ஏந்திக்கொண்டு எங்களுக்கு ஒரு அடி முன்னால் நடந்தார், காற்றில் அணைந்தபோதெல்லாம் நின்று, எங்கள் பக்கமாகத் திரும்பி, குடைக்குள் வைத்துக் கொளுத்தினார். அரசு வடக்கின் மீது விதித்த பொருளாதாரத் தடையின் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைப்பதே அருமை. வெற்று ஜாம் போத்தலில் சிறிதளவு எண்ணெய் விட்டு, திரியைக் குறைத்து எரித்து அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் படித்தோம். அந்த விளக்கு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மம்மா அதை அன்றிரவு கொண்டுவந்தது நினைவில் இல்லவே இல்லை.

எனக்கு வேண்டிய மாற்றம் அதற்குள் இருந்தது. யாரோ ஒருவர் திரும்பியிருக்கிறார்.

புதிய தகட்டை எடுத்தேன். முதுகுகளை அப்படியே விட்டேன், தண்ணீரையும் நீக்கவில்லை. நடுவில் மட்டும், திரும்பி நின்று விளக்கைக் கொளுத்தும் ஒரு முதிய பெண். விளக்குக்குக் குறுகிய உளியால் மிகச் சில வெட்டுகள்தான். அம்மம்மாவின் முகத்துக்கு அதைவிடக் குறைவு: கன்ன எலும்பில் ஒரு கீற்று, மூக்குத்தியில் ஒரு புள்ளி, நெற்றியில் திருநீற்றுக் குறி. கூடுதலாகச் செதுக்கினால் திரும்பக் கறுப்பாக்க முடியாது என்பதால், ஒவ்வொரு வெட்டுக்கு முன்னரும் அவர் முகத்தை நெடுநேரம் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கனவைத் தவிர வேறொன்றையும் பல வாரங்களாக எண்ணாதிருந்த மனம், அந்த மேசையில் மணிக்கணக்காக அம்மம்மாவோடு இருந்தது.

மையை உருளையால் மெல்லிய படலமாகப் பூசி, தாளை வைத்து, பழைய மர அகப்பையின் முதுகால் சிறு வட்டங்களாகத் தேய்த்தேன். வெப்பமூட்டிய வீட்டின் வறண்ட காற்றில் நீரில் கரையும் மை மிக விரைவில் காய்ந்து தாளில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், மெதுவாகக் காயும் எண்ணெய் மையையே பயன்படுத்தினேன். தாளை ஒரு மூலையிலிருந்து உரித்தபோது மகளும் அம்மாவும் அருகில் நின்றார்கள். லினோவில் படம் இடம் வலமாக மாறி விழும். அதை நான் அறிவேன். ஆனாலும் எழுத்து ஏதும் இல்லாத படம் என்பதால் திருப்பி வரையவில்லை. அம்மா தாளை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். “இஞ்ச எல்லாரும் யாழ்ப்பாணப் பக்கமெல்லோ போகினம்” என்றார். தகட்டில் கிழக்கே தென்மராட்சியை நோக்கிப் போனவர்கள், தாளில் மேற்கே, வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்குள் போன பின்னர் நாங்களும் அதே பாலத்தின் வழியேதான் திரும்பினோம். அந்தத் திரும்பலை நான் ஒருநாளும் கனவு கண்டதில்லை. மறுபடி வரையாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

ஒத்திகைக்கு அந்தத் தாளையே வைத்துக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர், தூங்கும் நேரத்துக்கு வெகு முன்னதாக, படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, பாலத்தில் நின்று, கையில் துணி முடிச்சின் இறுக்கத்தை உணர்ந்து, விளக்கு திரும்புவதைப் பார்த்தேன். தை மாதம் பிறந்த பிறகுதான் மாற்றம் தெரிந்தது. கனவு வந்தது, தண்ணீரும் வந்தது. ஆனால் கூட்டத்தில் ஒருத்தி திரும்பினாள். அம்மம்மா அல்லர், கவிழ்த்த குடையோடு நின்ற முன்பின் அறியாத ஒரு பெண். “குடிக்கிறியோ?” என்று கேட்டாள். நான் விழித்தேன், காலில் குளிர் இல்லை. அதன் பிறகு கனவு வரும் நாட்கள் அரிதாயின. முற்றாக நின்றுவிடவில்லை, ஒக்டோபர் மழையில் இன்னும் வருகிறது. தூங்கப் போவதற்கு இப்போது நான் அஞ்சுவதில்லை.

இதைத் தனியாகச் செய்ய வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். பகலிலேயே நினைவுகள் வந்து அலைக்கழிக்கிறவர்களும், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தோன்றுகிறவர்களும் முதலில் மருத்துவ உதவியை நாட வேண்டும். வீட்டு முதியவர்களை விசாரிப்பதுபோல் கேட்கவும் வேண்டாம். அவர்களுக்கும் அந்த இரவு இருக்கிறது. மேசையில் ஏதேனும் ஒரு வேலையோடு அருகில் உட்கார்ந்திருந்தால், சொல்ல விரும்புவதை அவர்களே சொல்வார்கள். விரும்பாவிட்டால் அந்த மௌனத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

அம்மா படத்தின் ஒரு பிரதியைத் தன் அறையில் மாட்டிவைத்திருக்கிறார். சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த கோழிக் கூட்டை நான் விட்டுவிட்டேன் என்பது அவருடைய முறைப்பாடு; உள்ளே இரண்டு பேடும் ஒரு சேவலும் இருந்தனவாம், கொடிகாமம் போகும்வரை சேவல் கூவிக்கொண்டே வந்ததாம். சின்னம்மா அப்படி ஒரு கூடு இருக்கவேயில்லை என்கிறார். அடுத்த விடுமுறைக்கு வாங்கிவைத்த தகட்டில் கூட்டைப் பென்சிலால் குறித்துவிட்டேன். சேவலை மகள் வரைகிறாள்.