எனக்கே தெரியாத பாஸ்வேர்டுகள்

கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டாலும் என் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் அது எனக்கே தெரியாது. வங்கி, ரயில் டிக்கெட், கரண்ட் பில், வருமான வரி எதற்குமே தெரியாது. மனப்பாடமாக இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்று வருடம் முன்பு வரை நானும் ஊரோடு ஒத்து வாழ்ந்தவன்தான். செத்துப்போன எங்கள் நாயின் பெயர், நான் பிறந்த வருடம், ஒரு ஆச்சரியக்குறி, அவ்வளவுதான். வங்கிக்காரன் மாற்றச் சொன்னால் கடைசியில் 1, அடுத்த முறை 2. எப்போதோ ஒரு ஜோடி செருப்பு வாங்கிவிட்டு மறந்துபோன ஒரு சின்ன ஆன்லைன் கடையில்கூட அதே பாஸ்வேர்டுதான். அந்தக் கடையின் தகவல் கசிந்தது. எனக்குத் தெரியவந்தது எப்படி என்றால், ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, நான் போகாத ஏதோ ஒரு நாட்டிலிருந்து என் மின்னஞ்சலில் நுழையப் பார்க்கிறார்கள் என்று போனில் எச்சரிக்கை வந்தது.

யாரோ உட்கார்ந்து என் நாயின் பெயரை யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கசிந்த மின்னஞ்சல், பாஸ்வேர்டு ஜோடிகளை அப்படியே எடுத்து, தளம் தளமாக இயந்திரத்தை விட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் பூட்டே இல்லாமல் வெளியே வந்தன; அதிலிருந்து தொகுத்த பட்டியல் இன்றைக்கும் பாஸ்வேர்டு உடைக்கிறவர்களின் பாலபாடம். அதனால் பாஸ்வேர்டு எவ்வளவு கடினம் என்பதைவிட, ஒன்றையே இரண்டு இடத்தில் வைத்திருக்கிறோமா என்பதுதான் முதல் கேள்வி. 140 கணக்குக்கு 140 பாஸ்வேர்டு என்றால் மனுஷ மூளையால் ஆகிற காரியமில்லை.

அதற்கு நான் எடுத்தது கீபாஸ்எக்ஸ்சி, பாஸ்வேர்டுகளை உருவாக்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் ஒரு மென்பொருள். டொமினிக் ரெய்ஷ்ல் என்பவர் 2003இல் விண்டோஸுக்காக வெளியிட்ட கீபாஸின் வழியில் வந்தது, தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், காசு கிடையாது. எனக்குப் பிடித்த விஷயம், எல்லாமே பூட்டிய ஒரே ஒரு கோப்பு. யாருடைய சர்வரிலும் இல்லை, என் கணினியில் இருக்கிறது. அந்தக் கோப்பைத் திருடிக்கொண்டு போனாலும், ஒவ்வொரு முறை ஊகிக்கும்போதும் நேரமும் மெமரியும் நிறையச் செலவாகும்படி ஆர்கான்2 என்ற முறையில் அதன் சாவியை உருவாக்குகிறது. நல்ல பாஸ்வேர்டு போட்டிருந்தால் திருடன் காத்துக்கொண்டே இருக்கட்டும்.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று கிடைத்தது. பிரவுசரில் அதன் இணைப்பைப் போட்டுக்கொண்டால், தளத்தின் முகவரி சரியாகப் பொருந்தினால்தான் பாஸ்வேர்டை நிரப்பும். வங்கியைப் போலவே வேஷம் போட்ட பக்கத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால் என் கண்ணுக்குத் தப்பும், அதற்குத் தப்பாது. ஏன் நிரப்பவில்லை என்று எரிச்சலாகி முகவரியை உற்றுப் பார்த்துப் பிழைத்தேன், ஒரு தடவை. பேஸ்ட் செய்ய விடாத புண்ணியவான் தளங்களும் உண்டு, அங்கே ஆட்டோ-டைப் கைகொடுக்கும், நாமே தட்டச்சு செய்வதுபோல ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொடுக்கும்.

அப்புறம் 'உங்கள் முதல் பள்ளி எது' மாதிரிக் கேள்விகள். என் பள்ளி எது என்று என் முகநூல் நண்பர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அதனால் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி, அந்தப் பொய்யைக் கீபாஸ்எக்ஸ்சியின் குறிப்புப் பகுதியில் எழுதிவைக்கிறேன். ஒரு தளத்தில் என் முதல் பள்ளியின் பெயர் 'கத்திரிக்காய் லாரி'.

சொதப்பியதும் உண்டு. வீட்டு டெஸ்க்டாப்பிலும் மடிக்கணினியிலும் ஒரே நாளில் கோப்பைத் திறந்து இரண்டிலும் மாற்றங்கள் செய்துவிட்டேன், எது புதிது எது பழையது என்று தெரியாமல் இரண்டு கோப்பு. வியர்த்துவிட்டது. இரண்டையும் ஒன்றாக இணைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது என்று ஒரு மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போது பென் டிரைவில் ஒரு நகல், தம்பி வீட்டில் ஒரு நகல். இது நம் பொறுப்பு, கோப்பு தொலைந்தால் 'மறந்துவிட்டேன்' என்று அழுத்த பொத்தான் கிடையாது. பாஸ்வேர்டுக்கு மேல் சில தளங்கள் கேட்கும், அடிக்கடி மாறும் ஓடிபி எண்களை உருவாக்கும் வேலையையும் (எஸ்எம்எஸ்ஸில் வருவது அல்ல) இதற்கே கொடுக்கலாம், நான் கொடுக்கவில்லை, பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட மனசு வரவில்லை.

சரி, கோப்பைத் திறக்கும் அந்த ஒரே பாஸ்வேர்டு. குறளோ பழமொழியோ போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது அடுத்தவனுக்கும் வரும். கடைசியில் மகளின் லூடோ பகடையை எடுத்து உருட்டினேன். இதற்கென்றே எண் போட்ட 7,776 சொற்களின் பட்டியல் இருக்கிறது; ஐந்து முறை உருட்டி வரும் எண்களைச் சேர்த்துப் பார்த்தால் அதில் ஒரு சொல் கிடைக்கும், அப்படி ஆறு சொற்கள், 30 உருட்டல். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆறு ஆங்கிலச் சொற்கள். நான்கு நாளில் விரலுக்குப் பழகிவிட்டது.

அப்பாவை இதற்குள் இழுக்க முயன்று தோற்றேன். அவர் பழைய பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். யோசித்தால் அவர் செய்வதில் பெரிய தப்பில்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு, அலமாரியில் இருக்கும் நோட்டை எந்த நாட்டுத் திருடனும் இணையம் வழியாகப் புரட்ட முடியாது. விட்டுவிட்டேன்.

அவரைப் பார்த்துத்தான் நானும் ஆறு சொற்களை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி பீரோவில் வைத்தேன். எனக்கு ஏதாவது ஆனால் வீட்டில் யாரும் திண்டாடக்கூடாதே. போன மாதம் மனைவியிடம், நான் ஊரில் இல்லை என்று வைத்துக்கொள், இதை வைத்துத் திற பார்ப்போம் என்றேன். இருபது நிமிடம் முட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, 'என்'னா 'யு'வா? டாக்டர் சீட்டு மாதிரி எழுதியிருக்கீங்க" என்றாள். அன்று ராத்திரியே எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதி, புது உறையில் போட்டு ஒட்டினேன்.