ஆறாம் வகுப்பில் பிரெஞ்சா, ஜெர்மனா, ஜப்பானியமா?

பல சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு முடியும்போது வீட்டுக்கு ஒரு படிவம் வரும். மூன்றாம் மொழி எது வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். "பிரெஞ்சுன்னா மார்க் வரும்" என்று யாரோ சொன்னதை நம்பி டிக் அடித்துக் கொடுத்துவிடுகிற பெற்றோர்தான் அதிகம். ஆனால் பிள்ளை கடைசியில் நாலு வார்த்தை பேசுமா பேசாதா என்பதை மொழியின் பெயர் முடிவு செய்வதில்லை. வாரத்துக்கு எத்தனை பீரியட், யார் நடத்துகிறார், தேர்வில் எதைக் கேட்கிறார்கள் என்ற மூன்றும்தான் முடிவு செய்கின்றன.

முதலில் நேரக் கணக்கு. ஒரு பீரியட் 40 நிமிடம். வாரம் நான்கு பீரியட், வருடத்தில் உருப்படியாக வகுப்பு நடப்பது 30 வாரம் என்று வைத்துக்கொண்டால் 80 மணி நேரம். ஆறு முதல் பத்து வரை ஐந்து வருடத்துக்கு 400 மணி நேரம். ஐரோப்பிய மொழிகளில் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பிரெஞ்சில் ஏ2 முடிக்க ஏறத்தாழ 200 மணி நேரமும், பி1 முடிக்க 350 முதல் 400 மணி நேரமும் ஆகும் என்பது பயிற்சி நிலையங்களில் புழங்கும் கணக்கு. அப்படியானால் பத்தாவது முடித்த பிள்ளை பி1-ஐ எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். நடப்பிலோ ஏ1 வாய்மொழித் தேர்விலேயே பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வாரம் இரண்டே பீரியட், அதுவும் எட்டாவதோடு நின்றுவிடும் என்றால் மொத்தமே 120 மணி நேரம்தான். அதில் ஏ1-ஐத் தாண்டி எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மணி நேரம் இருந்தும் பேச்சு வராததற்குக் காரணம் கேள்வித்தாள். கோடிட்ட இடம், வினையின் காலத்தை மாற்று, ஒரு சின்னக் கடிதம், மொழிபெயர்ப்பு. எல்லாமே எழுத்து. பிரெஞ்சில் இது நேரடியாகவே கெடுதல் செய்கிறது. 'பேசு' என்ற வினைக்கு நிகழ்காலத்தில் ஆறு வடிவங்கள் உண்டு. அவற்றில் நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்குக்கும் ஒலி ஒன்றுதான்: 'பார்ல்'. எழுதும்போது மட்டும் கடைசி எழுத்துகள் மாறும். காதால் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பலகையில் எழுதிப்போட்டதை மட்டும் பார்த்த பிள்ளை, 'அவர்கள்' வடிவத்தைக் கண்டதும் 'பார்லெண்ட்' என்று வாசிக்கும். ஐந்து வருடம் அப்படியே வாசித்த பிறகு திருத்துவது, புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம். நோட்டில் பிரெஞ்சு வார்த்தைக்கு மேலே தமிழிலோ ஆங்கிலத்திலோ உச்சரிப்பை எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் முதல் மாதத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னொரு கோளாறு, எல்லா அந்நிய மொழியையும் ஆங்கிலம் வழியாகவே நடத்துவது. தமிழ்ப் பிள்ளைக்குக் கையில் இருக்கும் பெரிய வசதியை இது வீணடிக்கிறது. ஜெர்மனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு வேற்றுமை உண்டு என்றதும் ஆங்கிலம் வழியே படிப்பவர்கள் மிரளுவார்கள். எட்டு வேற்றுமையோடு வளர்ந்த பிள்ளைக்கு அதில் மிரள என்ன இருக்கிறது? குளிரடிக்கிறது என்று சொல்ல, ஆங்கிலத்தை மனதில் வைத்துப் பிள்ளைகள் 'இஹ் பின் கால்ட்' என்று எழுதி வட்டம் வாங்குகிறார்கள். சரியான வாக்கியம் 'மியர் இஸ்ட் கால்ட்'. 'மியர்' என்றால் எனக்கு. எனக்குக் குளிராக இருக்கிறது, அவ்வளவுதான். அவனுக்கு உதவு, அவருக்கு நன்றி சொல், இது எனக்குச் சொந்தம், எனக்குப் பிடிக்கிறது என்று நாம் 'கு' போடும் இடங்களிலெல்லாம் ஜெர்மனும் நான்காம் வேற்றுமைக்கு ஈடான வடிவத்தையே போடுகிறது. எல்லா வினைக்கும் இது பொருந்தாது. ஆனால் முதல் இரண்டு வருடம் வரும் பிழைகளில் கணிசமானவற்றை இது ஒன்றே தடுத்துவிடும். நீ, நீங்கள் வேறுபாட்டையும் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஜெர்மனில் உண்மையான தொல்லை வேறு: பெயர்ச்சொற்களின் பால். மேசை ஆண்பால், கதவு பெண்பால், சன்னல் இரண்டுமில்லை. காரணம் தேடிப் பயனில்லை. 'டெர், டீ, தாஸ்' என்ற முன்சொல்லோடும், பன்மை வடிவத்தோடும் சேர்த்தே ஒவ்வொரு வார்த்தையையும் மனப்பாடம் செய்ய வேண்டும். வார்த்தையை மட்டும் படித்துவிட்டு முன்சொல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஏழாம் வகுப்பில் வேற்றுமை வரும்போது எல்லாம் சரிந்துவிடும். ஏ1-க்கு ஏறத்தாழ 650 சொற்கள் தேவை. பள்ளி நாளில் நாளுக்கு ஐந்து சொல் என்று போனால், பாதி மறந்தாலும் இரண்டு வருடத்தில் தாராளமாக முடித்துவிடலாம்.

ஜப்பானியத்தையும் கொரிய மொழியையும் 'ரொம்பக் கஷ்டம்' என்று ஒதுக்குவது ஆங்கிலேயர் கணக்கை நாம் கடன் வாங்கியதால் வந்தது. வாக்கிய அமைப்பில் இரண்டும் தமிழோடு ஒத்துப்போகும். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஜப்பானியத்தில் 'தாபெதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. 'தாபெரு' சாப்பிடுவது, 'மிரு' பார்ப்பது. கொரிய மொழியில் அதுவே 'மொகொ போதா'. அங்கும் இரண்டாவது சொல்லுக்குப் பொருள் பார்ப்பதுதான். இதை ஆங்கிலத்தில் விளக்க அரைப் பக்கம் வேண்டும்.

ஆனால் எழுத்தில் இரண்டும் வேறு வேறு உலகம். கொரிய எழுத்தில் அடிப்படை எழுத்துகள் 24. ஒரு கோடை விடுமுறை போதும். ஜப்பானியத்தில் ஹிரகானா, கதகானா என்று இரண்டு ஒலியெழுத்து வரிசைகள், தலா 46 எழுத்து. அதற்கு மேல் சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு 2010-இல் வகுத்த பட்டியலில் 2,136 காஞ்சி இருக்கின்றன. வாரம் இரண்டு பீரியடில் இது நடக்காது. வீட்டில் தினமும் இருபது நிமிடம் எழுதிப் பார்க்கும் பிள்ளைக்குத்தான் ஜப்பானியம். ரோமன் எழுத்தில் பாடம் நடத்தும் பள்ளி என்றால் வேண்டவே வேண்டாம்.

ஸ்பானிஷ், எழுத்தும் உச்சரிப்பும் பொருந்திப்போகிற எளிய மொழி. தமிழ்நாட்டில் அதற்கு நல்ல ஆசிரியர் கிடைப்பதுதான் சிரமம்.

ஆகவே படிவத்தில் டிக் அடிக்கும் முன் பள்ளியில் கேட்க வேண்டியவை வேறு. ஆசிரியர் பி2 முடித்தவரா? வகுப்பில் எத்தனை பேர்? நாற்பதைத் தாண்டினால் பேச்சுப் பயிற்சி நடக்காது. ஆசிரியர் நடுவருடத்தில் விலகினால் மாற்று உண்டா? மொழி வகுப்பு பாழாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒன்பதாம் வகுப்பில் அதே மொழி தொடருமா? இதை எழுத்திலேயே கேளுங்கள். மூன்று மொழிகளில் குறைந்தது இரண்டு இந்திய மொழியாக இருக்க வேண்டும் என்கிறது 2020 கல்விக் கொள்கை. மொழியைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறினால் முதலில் அடிபடுவது அந்நிய மொழிதான். 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவில், கேந்திரிய வித்யாலயாக்களில் ஜெர்மனை மூன்றாம் மொழி இடத்திலிருந்து எடுத்துவிட்டு சமஸ்கிருதத்தை வைத்தது நினைவிருக்கலாம். அடிக்கடி ஊர் மாறும் உத்தியோகம் என்றால், ஓரளவு எங்கும் கிடைக்கக்கூடியது பிரெஞ்சு.

பத்து வயதுப் பிள்ளைக்கு வேலையை மனதில் வைத்து மொழி பார்ப்பது ஜோசியம். ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்கோ நர்ஸ் வேலைக்கோ பி1, பி2 கேட்பார்கள்தான். அந்த நிலையைப் பதினெட்டு வயதில் தொடங்கி ஒரு வருடத்தில் எட்டுபவர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் கிடைக்க வேண்டியது காதும் நாக்கும்.

மாநிலப் பாடத்திட்டத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாவது வரை தமிழ் கட்டாயம். அதனால் அங்கே இந்தக் கேள்வி பிளஸ் ஒன்னில்தான் எழும். மார்க்குக்காகத் தமிழை விட்டு பிரெஞ்சுக்குத் தாவுவது அங்கே பழைய வழக்கம். பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொழிக்கு இடமே இல்லை. அரசு கலைக் கல்லூரிகளிலும் பெரும்பாலான பாடப்பிரிவுகளுக்கு மொழிப்பாடம் நீங்கலான 400 மதிப்பெண்தான் கணக்கு. மறுபுறம், டி.என்.பி.எஸ்.சி. தமிழ்த் தகுதித்தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆர்வத்தால் பிரெஞ்சு எடுத்தால் சரி, மார்க்குக்கு என்றால் கணக்கு இடிக்கிறது.

பள்ளி மதிப்பெண்ணை நம்பாமல் வெளித் தேர்வு ஒன்றை எழுதவைப்பது நல்லது. எட்டாவது முடிந்த கோடைதான் தோதான நேரம். பிரெஞ்சுக்கு டெல்ஃப் ஏ1: கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 வேண்டும், எதிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். ஜெர்மனுக்குச் சிறுவர்களுக்கான ஃபிட் இன் டாய்ச், தேர்ச்சிக்கு 60 சதவீதம். ஜப்பானியத்துக்கு ஜே.எல்.பி.டி. தேர்வின் தொடக்க நிலையான என்5: 180-க்கு 80, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், சென்னையிலும் எழுதலாம். விண்ணப்பம் சில மாதங்கள் முன்பே மூடிவிடும். இதில் பேசிக் காட்டும் பகுதியும் சொந்தமாக எழுதும் பகுதியும் கிடையாது, எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். ஆகவே என்5 தேறிய பிள்ளையிடம் சான்றிதழைப் பார்த்துவிட்டு விட்டுவிடாமல், ஜப்பானியம் தெரிந்த ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசவைத்துப் பாருங்கள்.