நான்காவது பத்திக்குத் தள்ளப்பட்டவர்கள்

உலகச் செய்திப் பக்கத்துக்கு வரும் குண்டுவெடிப்புச் செய்திகளுக்குப் பழகிப்போன ஒரு வரிசை உண்டு. முதல் பத்தியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணும் ஊரின் பெயரும் இருக்கும். இரண்டாவதில் பொறுப்பேற்ற அமைப்பு, மூன்றாவதில் தலைவர்களின் கண்டனம். இறந்தவர்கள் யார், அந்த நேரத்தில் அங்கே எதற்காக நின்றிருந்தார்கள் என்பதெல்லாம் நான்காவது பத்திக்குத் தள்ளப்பட்டிருக்கும். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்து இடத்தை எடுத்துக்கொண்டால் முதலில் வெட்டு விழுவதும் அந்தப் பத்திக்குத்தான். ஒரு தமிழ் நாளிதழில் துணை ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் இந்த வரிசையோடு நான் சண்டை போட்டிருக்கிறேன்.

ஓர் அமைப்பு தான் யாருக்காகப் போராடுவதாகச் சொல்லிக்கொள்கிறது என்பது அதன் அறிக்கையில் இருக்கும். அது யாரைக் கண்டு அஞ்சுகிறது என்பதை அறிய, கொல்லப்பட்டவர்களைத்தான் பார்க்க வேண்டும். இதை எனக்கு முதலில் உணர்த்தியது பெரு நாடு.

டெலிபிரிண்டரில் தாள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 1992 பிப்ரவரியில் லிமா நகரிலிருந்து ஒரு சின்னச் செய்தி வந்தது. மரியா எலேனா மொயானோ என்ற 33 வயதுப் பெண்ணை 'ஒளிரும் பாதை' என்ற மாவோயிச ஆயுத அமைப்பினர் சுட்டுக் கொன்று, பிறகு உடலை டைனமைட் வைத்துச் சிதறடித்திருந்தார்கள். லிமாவின் தெற்கே மணல்வெளியில் ஏழைகள் தாங்களாகவே குடியேறி உருவாக்கிய வில்லா எல் சால்வடோர் என்ற பகுதியின் துணை மேயர் அவர். அங்கிருந்த பெண்களைத் திரட்டிப் பொதுச் சமையற்கூடங்களையும், குழந்தைகளுக்குத் தினமும் ஒரு குவளைப் பால் கொடுக்கும் திட்டத்தையும் நடத்தியவர். ஒளிரும் பாதை ஆயுத மிரட்டலோடு அறிவித்த வேலைநிறுத்தத்தை எதிர்த்து ஊர்வலம் போனார். மறுநாள் கொன்றுவிட்டார்கள்.

ஏழைகளின் பெயரால் புரட்சி நடத்துவதாகச் சொன்ன ஓர் அமைப்புக்கு, ஏழைக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்தவர் ஏன் எதிரியானார் என்ற கேள்வி எனக்குள் நெடுநாள் இருந்தது. பசி தீர வேறொரு வழி இருக்கிறது என்பதை அவர் தினமும் அடுப்பு மூட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அதுதான் குற்றம். அமைப்பை நிறுவிய அபிமாயேல் குஸ்மான் தத்துவப் பேராசிரியர். அதே ஆண்டு செப்டம்பரில் பிடிபட்டார். பெருவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2003-இல் தந்த இறுதி அறிக்கை, ஒளிரும் பாதைக்கும் அரசுக்கும் இடையே நடந்த போரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 69,000 பேர் என்று மதிப்பிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் கெச்சுவா உள்ளிட்ட பழங்குடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், அதாவது மலைக்கிராமங்களின் விவசாயிகள். ஆணையத்திடம் பதிவான மரணங்களில் 54 சதவீதத்துக்கு ஒளிரும் பாதையே பொறுப்பு என்றும், அரசுப் படைகளின் கொலைகள் இவை என்றும் அதே அறிக்கை தனித்தனியே எழுதியது. இரு தரப்பையும் ஒரே ஏட்டில் பதிந்த அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

தூரத்து எதிரியைக் குறிவைப்பதாகச் சொல்லும் அமைப்புகள் விஷயத்திலும் பெரிய வித்தியாசத்தை நான் பார்க்கவில்லை. 1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியில் அமெரிக்கத் தூதரகத்தின்மீது அல் கொய்தா நடத்திய தாக்குதலில் இறந்தவர்கள் 213 பேர். அவர்களில் அமெரிக்கர்கள் 12 பேர்தான். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கென்யர்கள். பக்கத்துக் கட்டடம் ஒன்று சரிந்து, அதில் இயங்கிய செயலாளர் பயிற்சிக் கல்லூரியின் மாணவர்கள் இடிபாடுகளில் சிக்கினார்கள். முதலில் கேட்ட சத்தம் என்னவென்று பார்க்கச் சுற்றிலுமிருந்த அலுவலகங்களில் பலர் ஜன்னலுக்கு வந்தார்கள். அடுத்த கணம் பெரிய குண்டு வெடித்தது. கண்ணாடிச் சில்லுகள் பாய்ந்து பலர் பார்வையை இழந்தார்கள். 'அமெரிக்கத் தூதரகம் தகர்ப்பு' என்று தலைப்பிட்டால் இந்த மனிதர்கள் ஒருவர்கூட அதற்குள் வரமாட்டார்கள்.

நைஜீரியாவின் வடகிழக்கே போகோ ஹராம் என்ற ஆயுதக் குழு குறிவைத்தவற்றை வரிசையாகப் பார்த்தால் நடுவில் பள்ளிக்கூடம் நிற்கும். 2014 பிப்ரவரியில் புனி யாடி ஊரின் விடுதிப் பள்ளியில் இரவில் புகுந்து டஜன் கணக்கான மாணவர்களைக் கொன்றார்கள். மாணவிகளை வீட்டுக்குப் போய்த் திருமணம் செய்துகொள்ளச் சொல்லி அனுப்பினார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். உலகம் அதை அதிகம் கவனிக்கவில்லை. ஏப்ரலில் சிபோக்கில் 276 மாணவிகளைக் கடத்திய பிறகே போகோ ஹராம் பெயர் எல்லோர் வாயிலும் வந்தது. நவம்பரில் கானோ நகரின் பெரிய மசூதியில், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். இவர்களை எதிர்த்து நிற்குமாறு மக்களிடம் சொன்ன கானோ அமீரின், அதாவது அந்நகரின் பாரம்பரிய முஸ்லிம் தலைவரின், மசூதி அது. இஸ்லாத்தின் பெயரால் நடக்கும் இந்தப் படுகொலைகளில் முஸ்லிம்களே பெருமளவில் மடிகிறார்கள் என்பதை எத்தனை முறை எழுதினாலும் போதாது. பெஷாவர் ராணுவப் பள்ளியில் 2014 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் தலிபான்கள் கொன்ற நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளும், காபூலில் ஐ.எஸ். பிரிவினர் குறிவைக்கும் ஹசாரா ஷியாக்களும் அப்படிப்பட்டவர்கள்தான். பாகிஸ்தானில் போலியோ சொட்டு மருந்தோடு வீடுவீடாகப் போன பெண்களைச் சுட்டபோது என்னால் ஆத்திரத்தை அடக்க முடியவில்லை. பின்லேடனைத் தேட சி.ஐ.ஏ. போலித் தடுப்பூசி முகாம் நடத்தியது 2011-இல் அம்பலமானதும், அந்தச் சந்தேகத்தை ஆயுதக் குழுக்கள் பயன்படுத்திக்கொண்டதும் இதில் சேர்த்துச் சொல்ல வேண்டியவை.

எல்லாக் கொலையும் இந்தக் கணக்கில் அடங்காது. ஈராக்கின் சிஞ்சாரில் யஜீதிகள் என்ற சிறுபான்மை மதத்தினரை ஐ.எஸ். அமைப்பு அழிக்கப் பார்த்தது அவர்கள் யஜீதிகளாகப் பிறந்ததற்காகவே. கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்ற வெள்ளை இனவெறியனும் அப்படியே. அவன் பெயரைத் தன் வாயால் சொல்லப்போவதில்லை என்று நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். எங்கள் பக்கத்திலும் முடிந்தவரை அந்தப் பெயரைத் தவிர்த்தோம்.

அடுத்த மாதமே ஈஸ்டர் ஞாயிறு வந்தது. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு என்று தேவாலயங்களும் சொகுசு ஹோட்டல்களும் தாக்கப்பட்ட செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடித்து வந்த தமிழ்க் குழந்தைகள். எண்ணிக்கை 359 வரை ஏறியது. பிறகு இலங்கைச் சுகாதாரத் துறை அதை 253 ஆகக் குறைத்தது. உடல்கள் சிதறியிருந்ததால் சரியாக எண்ண முடியவில்லை என்றார்கள். நூறு பேர் குறைந்தார்கள் என்று நிம்மதி கொள்ள முடியாத ஒரு திருத்தம் அது. இந்தத் தாக்குதல்களை நடத்திய இஸ்லாமியத் தீவிரவாதக் குழுவின் தலைவன் சஹ்ரான் முதலில் மோதியது கிறிஸ்தவர்களோடு அல்ல. சொந்த ஊரான காத்தான்குடியில் சூஃபி முஸ்லிம்களோடு. அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்களும் அவ்வூர் முஸ்லிம்களே.

நம் வீட்டு விஷயத்தையும் இதே கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். 1989 ஜூலையில் கொழும்பில் இலங்கைத் தமிழ் அரசியல் தலைவர் அ. அமிர்தலிங்கத்தைச் சுட்டவர்கள் தமிழர்களுக்காகப் போராடிய விடுதலைப் புலிகள். மாற்றுக் கருத்துள்ள தமிழ்த் தலைவர்கள் பலருக்கும் அதே முடிவு நேர்ந்தது. இலங்கை அரசுப் படைகள் தமிழ் மக்களைக் கொன்றுகுவித்ததை எழுதும் பேனாவே இதையும் எழுத வேண்டும் என்று நான் சொன்னபோது, அலுவலகத்தில் சிலர் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் எண்ணம் மாறவில்லை.

2017 அக்டோபர் 14 அன்று சோமாலியத் தலைநகர் மொகதிஷுவின் நெரிசலான சந்திப்பில் லாரி குண்டு வெடித்தது. ஏறக்குறைய அறுநூறு பேர் இறந்தார்கள். அந்நாட்டு ஆயுத அமைப்பான அல் ஷபாப் மீதே எல்லோருக்கும் சந்தேகம். ஆனால் அந்த அமைப்பு பொறுப்பேற்கவே இல்லை. நகர மக்கள் தலையில் சிவப்புப் பட்டை கட்டி வீதிக்கு வந்து அதைக் கண்டித்தார்கள். பணியில் இருந்த இளைஞர், "சார், பொறுப்பேற்றது யார் என்று வரவில்லையே, செய்தியை எப்படித் தொடங்குவது?" என்று கேட்டார். "இறந்தவர்களிடமிருந்து தொடங்கப்பா" என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள், கடைக்காரர்கள், மறுநாள் பட்டம் வாங்கவிருந்த ஒரு மருத்துவ மாணவி, அந்த விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து மகளை அடக்கம் செய்த தந்தை என்று முதல் மூன்று பத்திகளை அவர் எழுதினார். அல் ஷபாப் பெயர் நான்காவதில் வந்தது. நகரப் பதிப்பில் இடம் குறைந்தபோது அந்தப் பத்தியைத்தான் எடுத்தோம்.