அடுத்த ஆள் உட்காருவதற்குள்

பல் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்து சில வருடம் கழித்து, ஒரு பெரிய மருத்துவமனையின் கருவி சுத்திகரிப்புப் பிரிவுக்கு மாறியவள் நான். இரண்டு இடத்திலும் பார்த்தது ஒன்றுதான். சிகிச்சை நடக்கிற நேரத்தில் எல்லோரும் விழிப்பாகத்தான் இருக்கிறோம், ஒருவர் எழுந்து போய் அடுத்தவர் உட்காருகிற அந்த இடைவெளியில்தான் கோட்டை விடுகிறோம். அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தில் அந்த இடைவெளிக்கு இடமே இருக்காது. பத்து மணிக்கு ஒருவர், பத்தரைக்கு ஒருவர், பதினொன்றுக்கு ஒருவர். நாற்காலியைத் துடைப்பது, ட்ரேயை எடுப்பது, கையுறை மாற்றிக் கை கழுவுவது, தண்ணீர்க் குழாயை ஓடவிடுவது எல்லாம் எந்த அரை மணியில் நடக்கிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

பல்லைக் குடைகிற ஹேண்ட்பீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சுழன்று நிற்கும்போது வாயிலிருக்கிற எச்சிலையும் ரத்தத்தையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே ஸ்பிரிட் வைத்து எவ்வளவு பளபளப்பாகத் துடைத்தாலும் உள்ளே போனது உள்ளேதான் இருக்கும். அதைக் கழுவி, எண்ணெய் விட்டு, உறையில் போட்டு, நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்தே ஆக வேண்டும். 134 டிகிரியில் 3 நிமிடம் என்று புத்தகத்தில் படித்துவிட்டு, சரி, 3 நிமிட வேலைதானே என்று நினைப்பவர்கள் உண்டு. தண்ணீர் சூடாகி, உள்ளே இருக்கிற காற்று வெளியேறி, நீராவி நிறைந்து, அந்த 3 நிமிடம் முடிந்து, அப்புறம் உறை காய்ந்து வெளியே வர அரை மணிக்கு மேல் பிடிக்கும். இரண்டே ஹேண்ட்பீஸ் வைத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுதில் எட்டுப் பேரைப் பார்த்தால் கணக்கு எங்கே உதைக்கும் என்று நானா சொல்ல வேண்டும்? இது உதவியாளரின் சோம்பல் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். எத்தனை ஹேண்ட்பீஸ் வாங்குவது என்று முடிவு செய்கிறவர் கையில் இருக்கிற விஷயம் அது.

எங்கள் கிளினிக்கின் ரிசப்ஷன் அக்கா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, இல்லாத ஒரு ஆளின் பெயரை எழுதி வைத்துவிடுவார். அந்த ஆள் எப்போதும் வரமாட்டார், எங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். கொஞ்ச நாள் கழித்து, இவர் பெயரில் ஒரு பில் கூட இல்லையே என்று டாக்டர் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. முணுமுணுத்தார், ஆனால் அடுத்த மாதம் கூடுதலாக ஹேண்ட்பீஸ் வந்தது.

பெரிய மருத்துவமனையில் அவசரம் வேறு மாதிரி. அங்கே அறுவை சிகிச்சை அறையிலிருந்து போன் வரும், கருவி செட் எங்கே, செட் எங்கே என்று. ஆட்டோகிளேவிலிருந்து வந்த பொதி ஈரமாக இருந்தால் அதை அனுப்பக் கூடாது, ஈரத்தின் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதைப் போனில் விளக்குவதற்குள் அந்தப் பக்கம் குரல் ஏறிவிடும். பொதியில் ஒட்டிய, சூடு பட்டால் நிறம் மாறும் டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்பார்கள். அந்தக் கோடு சொல்வது ஒன்றே ஒன்று, பொதி சூட்டில் இருந்தது என்று. உள்ளே கிருமி செத்ததா என்பது அதற்குத் தெரியாது. அதற்குத்தான் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் என்கிற, சூட்டுக்கு லேசில் சாகாத பாக்டீரியாவின் வித்துகளை உள்ளே வைத்து வாரம் ஒரு முறையாவது சோதிப்பது. காற்றை உறிஞ்சி எடுக்கும் வகை இயந்திரமாக இருந்தால் தினமும் காலையில், வேலை தொடங்கும் முன், காற்று ஒழுங்காக வெளியேறுகிறதா என்று போவி-டிக் சோதனை. 1963-லிருந்து இருக்கிற சோதனை அது, இன்றைக்கும் அதைத் தாண்டிப் போகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதே, நேராகப் பெட்டியில் போடு என்பது எல்லா மருத்துவமனைக்கும் பொதுவான விதி. பல் சிகிச்சையில் அது அப்படியே செல்லாது, ஏனென்றால் மரத்துப்போகிற மருந்து போதவில்லை என்றால் அதே ஊசியால் அதே ஆளுக்கு இன்னொரு முறை போட வேண்டியிருக்கும். அதனால் ஊசி ட்ரேயிலேயே கிடக்கும். மூடியை ட்ரேயில் படுக்க வைத்து ஒரே கையால் ஊசியை உள்ளே நுழைத்துக்கொள்வதுதான் முறை, இன்னொரு கை பக்கத்திலேயே வரக் கூடாது. ஆனால் நான் பார்த்த ஊசிக் குத்துகளில் பெரும்பாலானவை ஊசி போடும்போது நடந்தவையே இல்லை. எல்லாம் முடிந்து, பஞ்சும் துணியும் குவிந்து கிடக்கிற ட்ரேயை அவசரமாக அள்ளும்போது நடந்தவை. ஊசி போட்டவரே அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு எழுந்தால் இதில் பாதி நின்றுவிடும், இது என் அனுபவக் கணக்கு.

கூட வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு இப்படிக் குத்தியது. விரலைப் பிதுக்கினாள், பிளாஸ்டர் சுற்றினாள், மேலே ஒரு கையுறை போட்டுக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டாள். பிதுக்கக் கூடாது, சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினால் போதும், அப்புறம் உடனே சொல்ல வேண்டும். சொன்னால் கவனக்குறைவு என்பார்களே என்று பயந்து மறுநாள் மாலைதான் வாயைத் திறந்தாள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். எல்லோரும் எச்ஐவிக்குத்தான் பயப்படுகிறார்கள், தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் அது பரவும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி பரவும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. அந்த வைரஸ் காய்ந்த ரத்தத் துளியில் ஒரு வாரம் உயிரோடு இருக்கும். மூன்று தவணைத் தடுப்பூசி போட்டால் மட்டும் போதாது, ஓரிரு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அவளுக்குத் தடுப்பூசி போட்டிருந்தார்கள், எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று யாரும் பார்த்திருக்கவில்லை. நல்லவேளை, எல்லாப் பரிசோதனையும் சரியாக வந்தது. காயப் பதிவேடு காலியாக இருக்கிற இடத்தைக் கண்டால் எனக்கு அன்றிலிருந்து சந்தேகம்தான்.

எக்ஸ்ரேயிலும் இதே கதை உண்டு, பழைய கதை. நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்றொரு பல் மருத்துவர். 1896-லேயே பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்க ஆரம்பித்தவர். பெண்களைப் பல் உதவியாளராக வேலைக்கு வைத்த முதல் ஆள் என்று சொல்லப்படுபவரும் இவரே, அந்த வகையில் எங்கள் வேலைக்கு மூலவர். கதிரைச் சரிபார்க்கத் தன் கையையே நீட்டியும், ஃபிலிமைத் தானே பிடித்துக்கொண்டும் வேலை செய்தார். விரல்கள் போய், கை போய், 1928-ல் தாங்க முடியாமல் உயிரை விட்டார். இத்தனைக்கும் பிறகு, அசையாமல் உட்காராத குழந்தை வந்தால், “நீ கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா, ஒரே ஒரு ஷாட்தான்” என்று உதவியாளரிடம் சொல்கிற வழக்கம் போகவில்லை. குழந்தைக்கு அது ஒரே ஷாட், உதவியாளருக்கு அப்படியா?

தண்ணீரைப் பற்றி நோயாளிகள் யோசிப்பதே இல்லை. நாற்காலியிலிருந்து வருகிற தண்ணீர் மெல்லிய குழாய்களில் இரவெல்லாம் தேங்கி நிற்கிறது, குழாய்ச் சுவரில் கிருமிப் படலம் வளர்கிறது. ஒவ்வொரு ஆளுக்கு நடுவிலும் 20, 30 விநாடி ஓடவிட வேண்டும். அது போதாது, படலத்தை அழிக்க மருந்தும் விட வேண்டும். 2011-ல் இத்தாலியில் 82 வயதுப் பெண்மணி ஒருவர் பல் சிகிச்சை நாற்காலித் தண்ணீரிலிருந்து வந்த லெஜியோனெல்லா கிருமியால் இறந்தார். 2016-ல் கலிஃபோர்னியாவில் பால் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகள் பலருக்குத் தாடையில் கடுமையான தொற்று வந்ததும் இப்படித்தான். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கடைசியாக, ஒரு பல்லுக்குப் பதில் வேறு பல்லைப் பிடுங்கிவிடுவது. பெரும்பாலான நாடுகளில் பற்களுக்கு எண் கொடுக்கப் பயன்படுகிற இரட்டை இலக்க முறையில் 16 என்றால் மேல் வலது முதல் கடைவாய்ப்பல். அமெரிக்க முறையில் அதே 16 மேல் இடது ஞானப்பல். வேறு இடத்தில் எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மருத்துவமனை அறுவை சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த 19 அம்சப் பட்டியல் இருக்கிறது, கத்தி வைக்கும் முன் எல்லோரும் நின்று ஆள் யார், இடம் எது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பல் பிடுங்குவதற்கு அந்த நிறுத்தம் பல இடங்களில் இல்லை.

புதிதாகச் சேருகிற பெண்கள் என்னிடம் கேட்பது, டாக்டரை நாங்கள் எப்படிக்கா கேள்வி கேட்பது என்று. கேள்வியாகக் கேட்காதே, கேஸ் ஷீட்டில் எழுதுகிற சாக்கில் சத்தமாகச் சொல் என்பேன். பல் பிடுங்குகிற இடுக்கியான ஃபோர்செப்ஸைக் கையில் கொடுக்கும்போதே, “டாக்டர், மேல் வலது, பதினான்கு.” தப்பாக இருந்தால் அவர் கை நின்றுவிடும். சரியாக இருந்தால் ஒரு தலையாட்டு, அவ்வளவுதான். இதற்காகத் திட்டு வாங்கினேன் என்று ஒருத்தியும் இதுவரை வந்து சொன்னதில்லை.