மயக்க மருந்தில் ஒருவர் இறந்தால் யாருக்குப் பதில் சொல்வது?

இங்கிலாந்தில் 2005 மார்ச்சில் சைனஸ் ஆபரேஷனுக்குப் போன எலைன் பிரோமிலிக்கு வயது 37. மயக்க மருந்து கொடுத்ததுமே மூச்சுப்பாதை கைவிட்டுப் போனது. டாக்டர்கள் திரும்பத் திரும்ப வாய் வழியாகக் குழாய் போடப் பார்க்கிறார்கள், ஆக்சிஜன் ஏறவே இல்லை, கழுத்தில் துளையிடும் டிரக்கியாஸ்டமி செட்டை எடுத்துவந்து தயாராக இருக்கிறது என்று ஒரு நர்ஸ் சொல்லியும்விட்டார், யார் காதிலும் ஏறவில்லை. இரண்டு வாரத்துக்குள் எலைன் இறந்துபோனார்.

கணவர் மார்ட்டின் விமானி. விசாரணை எப்போது என்று கேட்டவருக்கு, நீங்கள் புகார் கொடுத்தாலோ வழக்குப் போட்டாலோதான், இல்லாவிட்டால் அப்படி எதுவும் கிடையாது என்று பதில் வந்தது. இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்கு வயிறு எரியும். அவர் விடவில்லை. மயக்கவியல் பேராசிரியர் மைக்கேல் ஹார்மர் ஆராய்ந்து எழுதிய அறிக்கை, டாக்டர்களின் பெயர் இல்லாமல், எல்லோரும் படிக்கும்படி வெளிவந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும், ரகசியமாக நடக்கும் ஆய்வு வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1960 முதல் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்த 24 மணி நேரத்துக்குள் நோயாளி இறந்தால் அதற்குத் தகவல் போக வேண்டும், கொடுத்த டாக்டரே என்ன மருந்து, எவ்வளவு, எந்த நிமிடத்தில் என்ன ஆனது என்று எழுதித்தர வேண்டும். நாளைக்கு இதே தாளை வக்கீல் கோர்ட்டில் நீட்டுவார் என்றால் "டோஸ் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று எந்த டாக்டர் எழுதுவார்? அந்த ரகசியத்துக்குப் போதிய சட்டப் பாதுகாப்பு இல்லாமல் 1980இல் நின்றுபோன குழு, 1983இல்தான் மறுபடி இயங்கியது. அங்கே மயக்க மருந்தால் நேர்ந்த மரணம் 1960இல் 5,500 பேருக்கு ஒன்று, 1984இல் 26,000 பேருக்கு ஒன்று. நல்ல மானிட்டர், நல்ல பயிற்சி எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது, சரி. ஆனால் எங்கே தவறுகிறோம் என்று பயமில்லாமல் எழுதிக்கொடுத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அப்புறம் குடும்பம்? டாக்டர் குழுவுக்கு எழுதியதும் குழு சொன்ன கருத்தும் உள்ளேயே இருக்கட்டும். நடந்தது என்ன என்பது யாருடைய ரகசியமும் இல்லை. தியேட்டரில் நிமிடக் கணக்கில் நாடித்துடிப்பு, பிரஷர், ஆக்சிஜன் குறித்த சார்ட் ஒன்று இருக்கிறதே, அதன் நகலைப் புகார், வழக்கு என்று அலையவிடாமல் கையில் கொடுக்க வேண்டும். கூடவே அந்த டாக்டரும் வந்து, எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டும்.