ஒரே விம் சோர்ஸ், மூன்று யூனிக்ஸ்: பள்ளத்தூர் வீட்டில் கம்பைல் செய்த அனுபவம்

பழைய பேரேடுகளைத் தட்டச்சு செய்வதற்காக எங்கள் பள்ளத்தூர் வீட்டில் மூன்று கணினிகள் ஓடுகின்றன. முகப்பில் டெபியன், வளவில் ஃப்ரீபிஎஸ்டி, இரண்டாம் கட்டில் ஆல்பைன் லினக்ஸ் போட்ட ஒரு பழைய நெட்புக். மூன்றும் யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள். வீட்டுப் பகுதிகளின் இந்தப் பெயர்களையே கணினிகளுக்கும் வைத்திருக்கிறோம். மூன்றிலும் தட்டச்சு செய்ய ஒரே விம் எடிட்டர், ஒரே வசதிகளோடு வேண்டியிருந்தது. காரைக்குடிப் பக்கம் இதே மாதிரி வேலையில் இருக்கும் சிலர் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

தயாராக, பேக்கேஜாகக் கிடைக்கும் விம்மைப் போட்டால் ஆகாதா என்றால், எங்கள் வேலைக்கு ஆகவில்லை. ரங்கூன் கடைக் கணக்குகளில் பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று ஏடு முழுக்கக் குறிகள். இவை 2003-லேயே யூனிகோடில் வந்துவிட்டன. முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகள் 2019-இல்தான் வந்தன. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா. இதையெல்லாம் கூட்டிப் பக்கத்தின் அடியில் இருக்கும் தொகையோடு சரிபார்க்க ஒரு பைதான் நிரல் எழுதி வைத்திருக்கிறேன், அது விம்முக்குள்ளேயே ஓடுகிறது. டெபியனில் தானாக வருவது டைனி விம், அதில் ஸ்கிரிப்ட்டே ஓடாது. ஃப்ரீபிஎஸ்டியில் விஐ என்று அடித்தால் வருவது என்விஐ. ஆல்பைனில் பிஸிபாக்ஸின் குட்டி விஐ. முழு விம் பேக்கேஜ் மூன்றிலும் உண்டுதான், ஆனால் எந்த வசதியை உள்ளே வைத்தார்கள், எதை விட்டார்கள் என்பது இடத்துக்கு இடம் வேறு. சரி, சோர்ஸையே, அதாவது மூல நிரலையே எடுத்து, ஓடும் நிரலாக மாற்றி (கம்பைல் செய்து) விடலாம் என்று முடிவு செய்தேன்.

அண்ணன் மகன் வந்து, "சித்தப்பா, ஒரே சோர்ஸ்தானே, முகப்புல கம்பைல் பண்ணின ஃபோல்டரை அப்படியே மத்ததுக்கும் காப்பி பண்ணிட்டா என்ன?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பதிலைச் சொல்ல அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து கம்பைலுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கன்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட் ஓடுவதைக் காட்டினேன். நீங்களும் அந்த வரிகளை ஒரு தடவையாவது பொறுமையாகப் படித்துப் பாருங்கள். கம்பைலர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு அது நிற்பதில்லை. பெரிய எழுத்தாக மாற்றும் டுஅப்பர் ஒழுங்காக வேலை செய்கிறதா, இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும் கெட்சிடபிள்யூடி உடைந்த ரகமா, கோப்பு விவரம் தரும் ஸ்டாட் கடைசிச் சாய்கோட்டைக் கண்டுகொள்ளாமல் விடுகிறதா, ஒன்றன்மேல் ஒன்று படியும் நினைவகப் பகுதிகளை மெம்மூவ் சரியாக நகர்த்துகிறதா என்று சின்னச் சின்ன சி நிரல்களை எழுதி, அங்கேயே கம்பைல் செய்து, ஓட்டிப் பார்க்கிறது. இத்தனை கேள்விக்கும் காரணம் இருக்கிறது. பிராம் மூலெனார் 1991-இல் அமிகாவுக்காக வெளியிட்ட எடிட்டர் இது, அடுத்த ஆண்டே யூனிக்ஸுக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு யூனிக்ஸ் விற்றது, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு ஃபங்ஷன் வேறு மாதிரி நடந்துகொண்டது. ஹெட்டர் கோப்பில் (ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் கோப்பு) அறிவிக்காமல் விட்ட ஃபங்ஷன்களைத் தேடி, விடுபட்ட அறிவிப்பை மட்டும் தானே எழுதிச் சேர்க்க ஓஎஸ்டெஃப் என்று தனி ஷெல் ஸ்கிரிப்டே சோர்ஸில் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாக இப்படி ஒரு அக்கறையோடு பராமரித்திருக்கிறார்கள், அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது.

கிடைத்த பதில்களெல்லாம் ஆட்டோ என்ற ஃபோல்டரில் போய் உட்காருகின்றன. கன்ஃபிக் ஹெட்டர், மேக்ஃபைலுக்கான (கம்பைல் செய்யும் ‘மேக்’ கட்டளை படிக்கும் கோப்பு) மாறிகள், அப்புறம் பழைய பதில்களைச் சேமித்து வைக்கும் கேஷ் கோப்பு. ஃபோல்டரை காப்பி செய்தால் டெபியன் சொன்ன பதில்களும் கூடவே போய், ஃப்ரீபிஎஸ்டியில் கன்ஃபிகர் எதையும் புதிதாகக் கேட்காமல் பழைய பதிலையே எடுத்துக்கொள்ளும். ஒரே கணினியிலும் இது உண்டு. விட்டுப்போன ஒரு லைப்ரரியைப் பிறகு போட்டுவிட்டுத் திரும்ப ஓட்டினாலும் ‘இல்லை’ என்றே வருகிறதென்றால் கேஷ் கோப்பை அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

பல சிஸ்டங்களுக்கு ஒரே சோர்ஸ் என்பதற்கு விம்மின் மேக்ஃபைலிலேயே வழி வைத்திருக்கிறார்கள், இதைப் பலர் கவனிப்பதில்லை. சோர்ஸ் ஃபோல்டருக்குள் போய் ‘மேக் ஷேடோ’ என்று அடித்தால் தனியாக ஒரு ஃபோல்டர் உருவாகும். சி கோப்புகளெல்லாம் அதற்குள் வெறும் சிம்பாலிக் லிங்க் (அசல் கோப்பைச் சுட்டும் இணைப்பு), ஆட்டோ ஃபோல்டர் மட்டும் புதிது. ஷேடோடிர் என்ற மாறியில் பெயர் கொடுக்கலாம். நான் முகப்பு, வளவு, இரண்டாம்கட்டு என்று மூன்று போட்டேன். சோர்ஸ் டெபியனில் இருக்கிறது, மற்ற இரண்டும் அதை நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாகப் பார்க்கின்றன. சாதாரண பென்டிரைவில் வைத்தால் நடக்காது, ஃபேட் ஃபார்மேட்டில் சிம்பாலிக் லிங்க் கிடையாது.

டெபியன் சுலபம். முதலில் டெர்மினல் லைப்ரரி இல்லை என்று கன்ஃபிகர் நின்றது, என்கர்ஸஸ் என்ற லைப்ரரியின் டெவ் பேக்கேஜை (கம்பைலுக்குத் தேவையான கோப்புகள் இருப்பது) போடச் சொல்லி அதுவே பெயரும் சொல்லிவிடுகிறது. இப்படிச் சத்தம் போட்டு நிற்பது நல்லது. சத்தமில்லாமல் விட்டுப்போவதுதான் ஆபத்து. திரைச் சாளரங்களுக்கான எக்ஸ் அமைப்பின் எக்ஸ்11, எக்ஸ்டி என்ற லைப்ரரிகள் இரண்டின் டெவ் பேக்கேஜும் இல்லையென்றால் கன்ஃபிகர் ஒன்றும் சொல்லாமல் முடியும், கம்பைலும் முடியும், கடைசியில் கிளிப்போர்டு வேலை செய்யாது. பைதான் போன்றவற்றுக்கு ‘எனேபிள்-ஃபெயில்-இஃப்-மிஸ்ஸிங்’ என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. கேட்ட வசதி கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். மூன்று கணினிக்கும் இதைக் கட்டாயம் போட்டேன், நீங்களும் போடுங்கள்.

ஃப்ரீபிஎஸ்டியில் டெர்மினல் லைப்ரரி அடிப்படை சிஸ்டத்திலேயே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. வெளியிலிருந்து போடும் எதுவும் யூஎஸ்ஆர் லோக்கல் என்ற ஃபோல்டருக்குள்தான் போகும், விம்மின் கன்ஃபிகரும் சொல்லாமலே அங்கே தேடுகிறது, அதனால் எக்ஸ் சிக்கலில்லாமல் கிடைத்தது. இதே பழக்கம் லினக்ஸில் திருப்பி அடிக்கலாம். யாரோ எப்போதோ யூஎஸ்ஆர் லோக்கலில் போட்ட பழைய லைப்ரரி இருந்தால் அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும், எனவே அங்கே ‘வித்அவுட்-லோக்கல்-டிர்’ கொடுத்தேன். ஃப்ரீபிஎஸ்டியில் மாட்டியது பைதான். பைதான்3 என்ற வெறும் பெயரில் கட்டளை இல்லை, பைதான்3.11 என்று பதிப்போடுதான் இருந்தது. ஃபெயில்-இஃப்-மிஸ்ஸிங் இருந்ததால் உடனே நின்றது, ‘வித்-பைதான்3-கமாண்ட்’ என்பதில் முழுப்பெயரைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

கம்பைல் முடிந்து பேரேட்டுக் கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை, திரை முழுக்க லத்தீன் குப்பை. இதற்கும் கம்பைலுக்கும் சம்பந்தமில்லை. வளவில் இருப்பது பல வருடமாக அப்கிரேடு செய்துகொண்டே வந்த சிஸ்டம், அதில் லோக்கேல் (மொழி, எழுத்துமுறை அமைப்பு) இன்னும் வெறும் ‘சி’ என்றே இருந்தது. யூனிக்ஸில் விம் தன் என்கோடிங்கை, அதாவது எழுத்துகளைக் குறிக்கும் முறையை, லோக்கேலிலிருந்துதான் எடுக்கிறது. லாகின் கான்ஃப் கோப்பில் யூடிஎஃப்-8 என்று மாற்றி, வெளியேறித் திரும்ப நுழைந்ததும் ௶, ௷ எல்லாம் தெரிந்தன.

இரண்டாம் கட்டு நெட்புக்கில் சிக்கல் வேறு. பில்ட்-பேஸ், என்கர்ஸஸ்-டெவ், பைதான் டெவ், எக்ஸ் டெவ் பேக்கேஜ்கள் எல்லாம் போட்டு, கன்ஃபிகர் சுத்தமாக முடிந்த பிறகு, மேக் ஓடும்போது கடிகாரம் பொருந்தவில்லை, பில்ட் முழுமையில்லாமல் போகலாம் என்று எச்சரிக்கை. நெட்புக்கின் சிமாஸ் பேட்டரி (கடிகாரத்தை ஓட வைக்கும் சின்ன பேட்டரி) செத்துவிட்டது, கரண்ட் போய் வந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். கோப்புகளோ என்எஃப்எஸ்ஸில் இன்றைய தேதியோடு இருக்கின்றன. எதைத் திரும்ப கம்பைல் செய்ய வேண்டும் என்பதை மேக் தேதியை வைத்துத்தான் முடிவு செய்கிறது, ஆகவே இந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள். நெட்வொர்க்கிலிருந்து நேரம் எடுக்கும் என்டிபி கொண்டு நேரத்தைச் சரிசெய்து, பழைய கம்பைலை அழிக்கும் மேக் கிளீன் போட்டு, முதலிலிருந்து ஓட்டினேன்.

மூன்றிலும் வசதிகள் ‘ஹியூஜ்’, அதாவது முழு வசதித் தொகுப்பு. ‘வித்-கம்பைல்ட்பை’ ஆப்ஷனில் கணினியின் பெயரைக் கொடுத்ததால், விம் வெர்ஷன் கேட்டால் எந்தக் கட்டில் கம்பைல் ஆனது என்று அதுவே சொல்கிறது. மூன்றின் வெர்ஷன் வெளியீட்டையும் கோப்பில் எடுத்து, கோப்புகளை ஒப்பிடும் விம்டிஃப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வசதி இருப்பதையும் இல்லாததையும் காட்டும் பிளஸ் மைனஸ் குறிகளைப் பார்த்தேன். கிளிப்போர்டும் பைதானும் மூன்றிலும் பிளஸ். கட்டளைகளை ஆளுக்கொரு ஷெல் ஸ்கிரிப்டாக சோர்ஸ் பக்கத்திலேயே வைத்தாகிவிட்டது.

இன்னொன்று, பைதானை நேரடியாக இணைக்காமல், தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் ‘டைனமிக்’ என்று கொடுங்கள். நேரடியாக இணைத்தால் பைதான் பதிப்பு மாறும் நாளில் விம் திறக்கவே திறக்காது. டைனமிக்காக இருந்தால் எடிட்டர் திறக்கும், பைதான் மட்டும் வராது. விம்ஆர்சியில் (விம்மின் அமைப்புக் கோப்பு) ‘பைதான்த்ரீடிஎல்எல்’ என்ற இடத்தில் புது லைப்ரரியின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம், அதற்கும் ஒத்துவராவிட்டால் அந்தக் கணினியின் ஷேடோ ஃபோல்டரில் மட்டும் கேஷை அழித்துவிட்டுத் திரும்ப கம்பைல் செய்தால் போதும், மற்ற இரண்டையும் தொட வேண்டியதில்லை.